பத்து நிமிடம் நிற்பது

"ஆக்களைப் பிடிச்சு நடக்க வைக்கிறதுக்கும் நாலு வருசம் படிக்கோணுமோ?"

எனக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. குருநகர்க் கரையில், எங்கள் வீட்டுக்கு முன்னால், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். தலையை நிமிர்த்தவும் இல்லை. இயன்மருத்துவம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவருக்கு விளக்கி முடித்திருந்தேன். அடிபட்டவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், காய்ச்சலில் நெடுநாள் படுத்துக் கிடந்தவர்கள் திரும்ப எழுந்து நடமாடப் பயிற்சி கொடுக்கிற வேலை என்று சொல்லியிருந்தேன்.

"பிடிச்சு நடக்க வைக்கிறதுக்கு இல்லைப் பெரியப்பா. ஏன் நடக்கேலாமக் கிடக்கு எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு."

"உதைக் கண்டுபிடிக்கத்தானே டொக்டர்மார் இருக்கினம்."

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நெடுங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர் எவரும் இல்லை. அப்பா இன்றும் பெருவிரல் அடையாளம்தான் வைக்கிறார். அந்த அனுமதிக் கடிதத்தை அம்மா என்னைக் கொண்டு மூன்று தடவை வாசிப்பித்தார். மூன்றாவது தடவை அயல்வீட்டார் வந்திருந்தபடியால் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

படித்து முடித்து, வடமராட்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோதுதான் அந்த ரீச்சர் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை. என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும். கூட அவருடைய அம்மா, ஒரு குடை, ஒரு துணிப்பை, பையில் மருந்துச் சீட்டுகள். அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: டெங்குக் காய்ச்சலுக்குப் பின் பலவீனம், முதுகு நோ, பயிற்சி கொடுக்கவும்.

"என்ன செய்யுது ரீச்சர்?"

"காய்ச்சல் மாறி நாலு மாசம் மிஸ். எழும்பினாத் தலை சுத்துது. நெஞ்சு படபடக்குது. கொஞ்ச நேரம் நிண்டா ஒண்டும் விளங்காது. பிள்ளையள் கேக்கிற கேள்வி காதிலை விழும், பதில் வராது."

"அப்ப எப்பிடிப் படிப்பிக்கிறியள்?"

"கதிரையிலை இருந்துதான்."

அவர் அதைச் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். மிச்சத்தை அம்மா சொன்னார். நியமனம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பள்ளிக்கூட அதிபர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கதைத்துவிட்டாராம். "இருந்து கொண்டு படிப்பிக்கிறதுக்கு ரீச்சர் தேவையில்லை, ரேடியோ போதும் எண்டு சொன்னவர். இந்தத் தவணை முடிய மட்டும் பாப்பாராம். பிறகு வலயத்துக்கு எழுதுவாராம்." வலயம் என்பது கல்விப் பணிமனை. அதிபர் எழுதினால் அந்த வேலை நிலைக்காது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. பள்ளித் தவணை முடிய இரண்டரை மாதம் இருந்தது.

"தவணை முடிய முதல் உங்களை நிக்க வைக்கிறன்," என்றேன்.

அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று அன்று யோசிக்கவில்லை. கதிரையில் இருக்க வைத்துப் பிறசரை, அதாவது இரத்த அழுத்தத்தை, பார்த்தேன். நல்லாக இருந்தது. தசைகளைச் சோதித்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தன, காய்ச்சலில் படுத்து எழும்பினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்துச் சில பயிற்சிகள் கொடுத்தேன். முடிந்ததும் விரலில் கொழுவிப் பார்க்கிற சின்னக் கருவியில் நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. பயிற்சிக்குப் பிறகு கூடுவது வழக்கம்தானே என்று கழற்ற, அம்மா அந்த இலக்கத்தைக் கண்டுவிட்டார்.

"நூற்றிப் பதினெட்டோ? பிறசரோ மிஸ்? இவளின்ரை தேப்பனும் பிறசர் கூடித்தான் விழுந்தவர். பிறகு எழும்பேல்லை."

"இது பிறசர் இல்லையம்மா, நாடி. பயப்பிடாதேங்கோ. எதுக்கும் உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கொள்ளுங்கோ."

யாரும் கேட்காமலே வாயில் வருகிற வார்த்தை அது. எங்கள் ஊரில் தலைச்சுற்று என்றாலும் உப்பைக் குறை, நெஞ்சு படபடப்பு என்றாலும் உப்பைக் குறை, கால் வீங்கினாலும் உப்பைக் குறை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். அம்மா தலையாட்டினார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் நாள் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பகுதியில் சனம் குறைவு, ஆறுதலாகப் பயிற்சி கொடுக்கலாம் என்பது என் கணக்கு. அங்கேதான் குழப்பம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை தட்டுத் தடுமாறியாவது ஏழு நிமிடம் நிற்பவர், வெள்ளிக்கிழமை மூன்று நிமிடத்தில் முகம் வெளிறிப் போவார். அதே ஆள், அதே கம்பி, அதே பயிற்சி. வெள்ளி என்றால் அடுத்த இரண்டு நாளும் லீவு. மனம் லேசாக அல்லவா இருக்க வேண்டும்? பயிற்சியின் வரிசையை மாற்றிப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன். கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதினேன். எழுத எழுத விளக்கம் குறைந்துகொண்டு போனது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிற அக்காவிடம் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்.

"உது மனசு," என்றார். "கலியாணம் ஏதும் குழம்பினதோ எண்டு கேட்டுப் பார்."

"கேட்டனான் அக்கா. இன்னும் பேசவே தொடங்கேல்லையாம்."

"அப்ப அதுதான் வருத்தம்."

தேநீர் குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதும்போது அது கைக்கு வர மறுக்கிறது, ஆனாலும் சிரித்தேன்.

அரைவாசி நம்பியும் விட்டேன். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையோ, அதிபருக்குப் பயமோ என்று நினைத்தேன். பலவீனத்துக்கு ஒரே மருந்து பலப்படுத்துவதுதான் என்று, பயிற்சியைக் கூட்டினேன். கம்பியைப் பிடித்தபடி இருந்து எழும்ப வைத்தேன், மரப்படியில் ஏறி இறங்க வைத்தேன். "இன்னும் ரெண்டு தரம் ரீச்சர், மனசுவைச்சாச் செய்யலாம்," என்றேன். அவர் செய்தார். ஒரு தடவைகூட ஏலாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

நாலாம் வாரம் வெள்ளிக்கிழமை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "மிஸ், உங்கடை சத்தம் தூரப் போகுது," என்றார். அடுத்த கணம் முழங்கால் மடிந்தது. பிடித்துவிட்டேன். அக்கா ஓடி வந்தார். இருவருமாகப் பாயில் கிடத்தி, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தோம். நான் அவருடைய கால்களை அப்போதுதான் பார்த்தேன். பாதமும் கணுக்காலும் நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் கறுத்திருந்தன. உயர்த்தி வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே அந்த நிறம் இறங்கியது. ஒரு நிமிடம் போயிருக்காது, கண்ணைத் திறந்து வெட்கத்தோடு சிரித்தார்.

"இப்ப எப்பிடி?"

"இப்ப ஒண்டும் இல்லை மிஸ். படுத்தா ஒண்டும் இல்லை. அதுதான் எல்லாரும் நம்பீனமில்லை."

கருவியைக் கொழுவினேன். எண்பத்து நாலு.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நிறமும் அந்த இலக்கமும்தான். பயந்த மனம் படுத்தவுடன் ஒரு நிமிடத்தில் தெளியுமா? மனதில் இருக்கிற வருத்தம் பாதத்தில் போய் நிறம் மாறுமா? எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டால், "பயந்தா உடம்பு எல்லாம் செய்யும்," என்பார். அதுவும் பொய் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. ரீச்சரைக் கட்டிலில் படுக்க வைத்து, பத்து நிமிடம் கதையாமல் கிடக்கச் சொன்னேன். நாடி எழுபத்தாறு, பிறசர் நூற்றுப் பத்துக்கு எழுபது. பிறகு எழும்பி, கட்டிலோடு சாயாமல் நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு நிமிடமும் எழுதினேன். முதல் நிமிடம் நூற்று நாலு. மூன்றாவது, நூற்றுப் பதினாறு. ஐந்தாவது, நூற்று இருபத்திரண்டு. அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சும்மா நின்றார், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. எட்டாவது நிமிடம் நூற்று முப்பது. கால் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. பத்தாவது நிமிடத்தில் மேலுதட்டில் வியர்வை.

பிறசர் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டுக்கு எழுபத்தாறு. இறங்கவே இல்லை.

அதுதான் என்னை இன்னும் குழப்பியது. எழும்பும்போது தலை சுற்றினால் பிறசர் இறங்குகிறதா என்று பார், இறங்கினால் டொக்டரிடம் அனுப்பு, இறங்காவிட்டால் பிரச்சினை இல்லை. அப்படித்தான் பழகியிருந்தேன். இங்கே பிறசர் அசையாமல் இருக்கிறது, நெஞ்சு மட்டும் ஓடுகிறது. எங்கள் ஊரில் எல்லோருமே பிறசரைத்தான் பார்க்கிறோம். வீட்டில், கடையில், கோயில் வாசலில் நலம் விசாரிக்கும்போதும் அதைத்தான் கேட்கிறோம். பிறசர் நல்லாக இருந்தால் ஆள் நல்லாக இருக்கிறார். நாடியை ஒருவரும் கேட்பதில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் என் பழைய பாடக்குறிப்புகள் இருக்கும் றங்குப்பெட்டியைத் திறந்தேன். மூன்றாம் வருடக் கொப்பி. கரப்பான் கொஞ்சம் அரித்திருந்தது. அரைப் பக்கம்தான் இருந்தது. நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கிப் போகும் சிலருக்கு, மேலே போதாத இரத்தத்தைச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கும். படுத்திருந்ததைவிட முப்பது, அதற்கு மேலும் கூடும், பத்து நிமிடத்துக்குள். பிறசர் இறங்காது. மாதக் கணக்கில் இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கலாம். இளம் பெண்களில் அதிகம். பதற்றம் என்று தவறாக நினைக்கப்படும். 'போட்ஸ்' என்று சுருக்கப் பெயர். இரத்தக்குறைவு, தைரொயிட், இதயக் கோளாறு இல்லை என்று டொக்டர் உறுதிப்படுத்த வேண்டும். நிறையத் தண்ணீர். இறுக்கமான காலுறை. சூடு கூடாது. பயிற்சியைப் படுத்த நிலையில் தொடங்க வேண்டும், நிற்கும் பயிற்சி கடைசியில்.

அதற்குக் கீழே ஒரு வரி. டொக்டரின் சம்மதத்தோடு உப்பைக் கூட்ட வேண்டும்.

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், என் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது: "சோதினைக்கு வராது."

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்ன, ஏதும் பிழையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியவில்லை. அந்த அரைப் பக்கம் ரீச்சரைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அதனாலேயே நம்பப் பயமாக இருந்தது. இரண்டு கிழமைக்கு முன் மனசுதான் என்றும் எனக்குப் பொருத்தமாகத்தானே தோன்றியது? வெள்ளிக்கிழமைக்கான விடையும் அந்தப் பக்கத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்ததும் பயிற்சிப் பாயில் இருத்திவிட்டு நேரே கேட்டேன்.

"ரீச்சர், இண்டைக்கு என்ன சாப்பிட்டியள்?"

"இண்டைக்கு வெள்ளியெல்லோ மிஸ். விரதம்."

"தண்ணி?"

"பின்னேரம் கோயிலாலை வந்துதான்."

நாங்கள் வேதக்காரர், எங்கள் பக்கத்தில் ஒருசந்தி, அதாவது உபவாசம், என்றால் பெரிய வெள்ளி போல சில நாட்கள்தான், அப்போதும் தண்ணீர் குடிப்போம். இந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிட மாட்டார்கள் என்பது தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் ஒருவர் எனக்கு முன்னால் மரப்படி ஏறி இறங்குகிறார் என்பது தெரியாது. கேட்கவில்லை.

"காலமை முழுக வேறை வார்த்தனான்," என்றார் அம்மா. "வெள்ளிக்கு முழுகாமல் விடுறேல்லை. காய்ச்சல் வந்த உடம்பு, பச்சைத்தண்ணி கூடாது எண்டு நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணியிலை. பிள்ளை நேர்ந்து கொண்டவள் மிஸ், வருத்தம் மாறோணும் எண்டு."

ஆக, கொதிக்கும் தண்ணீரில் முழுகி, தொண்டை நனைக்காமல், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஆளைத்தான் வெள்ளிக்கு வெள்ளி நான் நிற்க வைத்திருக்கிறேன். சனம் குறைந்த நாள் என்று நானே தெரிவு செய்து கொடுத்த நாள். வருத்தம் மாற வேண்டும் என்று பிடித்த விரதமே அந்த நோயைக் கூட்டியிருக்கலாம் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று விளங்கவில்லை. அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது.

"அம்மா, உப்பு?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "உப்போ? நீங்கள் சொன்ன நாள் தொடக்கம் உப்புப் போத்திலைத் திறக்கிறேல்லை. சோத்துக்கும் இல்லை, சொதிக்கும் இல்லை. ஊறுகாயைத் தூக்கி அயலுக்குக் குடுத்திட்டன்."

"கொஞ்சம் குறைக்கச் சொல்லித்தானே நான்..."

"படிச்ச பிள்ளை சொன்னா அரைகுறையாச் செய்வனோ?"

ரீச்சர் மெல்லச் சொன்னார்: "அம்மாவும் உப்பில்லாமத்தான் சாப்பிடுறா மிஸ். எனக்கு ஆசை வந்திடுமாம்."

என் வீட்டில் நான் சொன்னால் அப்பா மறு பேச்சில்லாமல் கேட்பார். மருந்துப் போத்தலில் இருப்பதை நான் வாசித்துச் சொன்னால் அதுதான் வேதம். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அந்த நேரம் நினைத்தேன். என் வாயிலிருந்து யோசியாமல் விழுந்த ஒரு சொல், அச்சுவேலியில் ஓர் அடுப்படியில் ஒரு மாதமாகச் சமைக்கப்பட்டிருக்கிறது.

"அம்மா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை," என்றேன். "ரீச்சருக்கு உப்புக் குறைக்கத் தேவையில்லை. கூட்ட வேண்டியும் வரலாம்."

அவர் துணிப்பையைக் கீழே வைத்தார்.

"வரலாமோ, வருமோ?"

"தெரியாது. அதை நான் சொல்லக்கூடாது. டொக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"அப்ப குறைக்கச் சொல்லேக்கை டொக்டரைக் கேட்டனீங்களோ?"

சத்தம் போடவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரீச்சர், "அம்மா, விடுங்கோ," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்துக் காட்டினார். வேலையை விட்டு விலகுவதாக அதிபருக்கு எழுதிய கடிதம். திகதி போடவில்லை. "அவர் வலயத்துக்கு எழுத முதல் நானே குடுப்பம் எண்டு நினைச்சனான். மனசுவைச்சாச் செய்யலாம் எண்டு நீங்களும் சொன்னீங்கள். எவ்வளவு மனசுவைச்சும் ஏலாமக் கிடந்தது. அப்ப நான்தான் பிழை எண்டு நினைச்சன்."

அழகான வட்டமான எழுத்து. படிப்பிக்கிறவரின் எழுத்து.

"இப்ப குடுக்காதேங்கோ," என்று மட்டும் சொன்னேன். வேறு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அன்றே எங்கள் ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். படுத்திருந்தபோதும் நின்ற ஒவ்வொரு நிமிடமும் எடுத்த இலக்கங்கள், பாதத்தின் நிறம், வெள்ளிக்கிழமை விபரம். கடைசி வரியாக, யாரையும் கேட்காமல் உப்பைக் குறைக்கச் சொன்னேன் என்பதையும் எழுதினேன். அக்கா தோளுக்கு மேலால் வாசித்தார்.

"உதை ஏன் எழுதுறாய்? ஆரும் கேட்டவையோ?"

"உப்பு எவ்வளவு நாள் இல்லாமல் இருந்தது எண்டு அவருக்குத் தெரியோணுமே அக்கா."

"உனக்கு விசர்," என்றார். ஆனால் கடிதத்தைத் தானே கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தார்.

டொக்டர் கதை குறைந்தவர். ரீச்சரைத் தானும் ஒருமுறை படுக்க வைத்து, எழுப்பி, நாடியைக் கையால் பிடித்துப் பார்த்தார். இரத்தம், தைரொயிட், சிறுநீரகம், இதயத் துடிப்பு வரைபடம் எல்லாம் எடுப்பித்தார். எல்லாம் வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. ஒன்றிலும் குறை இல்லை.

"போட்ஸ்தானே டொக்டர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஏன் அவசரம்? அப்பிடித்தான் தெரியுது. மூண்டு நாலு கிழமை உப்பும் இல்லாமல், வெள்ளிக்கு வெள்ளி தண்ணியும் இல்லாமல் இருந்த ஆளிலை எடுத்த இலக்கம் இது. உப்பும் தண்ணியும் குடுத்து, திரும்ப எடுத்துப் பாப்பம். பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவுக்கும் எழுதுறன். திகதி கிடைக்க நாள் செல்லும்."

என் பிழை இலக்கத்தையே கலக்கிவிட்டது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று அவர் அம்மாவுக்கு எதிரிலேயே சொன்னார். காலுறைக்கும் எழுதிக் கொடுத்தார். அம்மா இந்தத் தடவை எல்லாவற்றையும் ரீச்சரைக் கொண்டு எழுதுவித்து, டொக்டரிடம் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நான் செய்யக்கூடியது பயிற்சி. எங்களிடம் இருந்த சைக்கிள் நிமிர்ந்து இருந்து மிதிக்கிற வகை, அதில் ஐந்து நிமிடம் இருந்தாலே நாடி ஏறியது. அதனால் பாயில் காலை நீட்டி இருக்கச் சொல்லி, றபர்ப் பட்டியைப் பாதத்தில் மாட்டி, பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து இழுக்கச் சொன்னேன். துடுப்பு வலிப்பது போல. சின்ன வயதில் அப்பாவின் வள்ளத்தில் நான் நூறு தடவை பார்த்த அசைவு. அதை ஒரு தோட்டக்கார வீட்டுப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்தபோது அவர், "எந்த ஊருக்குப் போறம் மிஸ்?" என்று கேட்டார். எழும்ப முன் கெண்டைக்காலை இறுக்கி விடுவது, நிற்கும்போது காலைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்குவது, கட்டிலில் ஒரு நிமிடம் இருந்து எழும்புவது என்று சின்னச் சின்ன விடயங்கள் பழக்கினேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியையும் புதனுக்கு மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை விரதத்தை நான் தொடவில்லை. அம்மாவே கோயில் ஐயரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வருத்தக்காரர் தண்ணியும் இளநீரும் குடிக்கலாம், விரதம் முறியாது எண்டவர்," என்றார். சுடுதண்ணி வெதுவெதுப்பானது. முழுக்கு சனி பின்னேரத்துக்குப் போனது.

இவ்வளவும் செய்தபின் நேர்கோடாகச் சுகம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டாவது கிழமை பத்து நிமிடம் தலைச்சுற்று இல்லாமல் நின்றார், எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. மூன்றாவது கிழமை நாலு நிமிடம். மாதவிலக்கு நாட்களில் மோசமாகிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் அப்படி ஒரு காரணமும் இல்லாமல், நல்லாகத் தண்ணீர் குடித்து, நல்லாக உறங்கி எழும்பிய நாளிலும் சிலவேளை நாடி நூற்றிருபதுக்கு ஓடியது. டொக்டர் திரும்ப எடுத்த இலக்கமும் முன்னதைவிடக் குறைவுதான், ஆனாலும் படுத்ததற்கும் நின்றதற்கும் வித்தியாசம் முப்பதுக்கு மேலேயே நின்றது. "ஓம், அதுதான்," என்றார். எனக்குச் சந்தோசப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை. கொப்பி முழுவதும் இப்போது கேள்விக்குறிகள்.

வகுப்பில் நிற்கிற நேரத்தைப் பிரித்து, இடையில் இருக்க உயரமான கதிரை ஒன்று கொடுக்கும்படி டொக்டர் கடிதம் கொடுத்தார். அதிபர் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாராம்.

"'நெஞ்சு எனக்கும்தான் துடிக்குது ரீச்சர், துடிக்காட்டித்தான் பிரச்சினை' எண்டார் மிஸ். பிறகு, 'பாக்க நல்லாத்தானே இருக்கிறீர்' எண்டார்."

தவணை முடிய இரண்டு கிழமை இருந்தது. கடித உறை இன்னும் கைப்பையில்தான் இருந்தது. "நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுவியளோ? நீங்கள் சொன்னா அவருக்கு விளங்கும்."

எனக்கு அந்த வார்த்தைதான் பயம். நான் போய் அவருக்கு என்ன சொல்வது? இது மாறும் என்றா? தெரியாது. எப்போது என்றா? தெரியாது. படித்த பிள்ளை சொல்கிறாள் என்று இன்னொருவரை நம்ப வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதிபரின் குழப்பமும் என் பழைய குழப்பம்தான். பாக்க நல்லாத்தானே இருக்கிறார். நானும் அதைப் பார்த்துத்தானே சிரித்தேன்.

இரண்டு நாள் யோசித்தபின் ரீச்சரிடம் கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை. அவரே பாக்கட்டும். வகுப்பிலை கருவியை விரலிலை கொழுவிக்கொண்டு சும்மா நிண்டு படிப்பியுங்கோ. அவர் மணிக்கூட்டைப் பிடிச்சு, இலக்கத்தைத் தன்ரை கையாலை எழுதட்டும். பிறகு உயரக் கதிரையிலை இருந்து படிப்பியுங்கோ. அதையும் எழுதட்டும். பிள்ளையள் வேண்டாம் எண்டா வெறும் வகுப்பிலை செய்வம்."

"பிள்ளையள் இருக்கட்டும் மிஸ். அவைக்கும் தெரியோணும். ஆனா அவருக்கு முன்னாலை விழுந்தால்?"

"விழ முதல் இருப்பியள். எப்ப இருக்கோணும் எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும். அதைத்தான் அவர் பாக்கோணும்."

டொக்டர் கேட்டுவிட்டு, "கதிரை ரெண்டு முழத்துக்கை இருக்கட்டும். தலை சுத்தினா நிப்பாட்டுங்கோ," என்றார். அம்மா, முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அண்டைக்கு நானும் வரட்டோ?" வாங்கோ என்றேன். உப்புக் கரைத்த எலுமிச்சந் தண்ணி கொண்டு வருவதாகச் சொன்னார்.

நேற்றுக் காலை அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். கொஞ்சம் இழுத்தார், இரண்டு தடவை "நீங்கள் டொக்டரோ?" என்று கேட்டார். இல்லை, இயன்மருத்துவர் என்று இரண்டு தடவையும் சொன்னேன். கடைசியில் வியாழக்கிழமை இரண்டாம் பாடத்துக்கு வரச் சொன்னார். கருவிக்குப் புதுப் பற்றறி வாங்கிப் போட்டேன். எங்கள் பகுதியில் இருந்த உயரமான முக்காலியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அக்காவிடம் எழுத்தில் அனுமதி எடுத்தேன். வியாழனுக்கு அரைநாள் லீவுப் பத்திரத்தை நிரப்பி, காரணம் என்ற இடத்தில் 'நோயாளி வேலை செய்யும் இடத்தைப் பார்ப்பதற்கு' என்று எழுதி, இன்று பத்து மணிக்குக் கொடுத்துவிட்டேன்.